இறக்கத்துத் தெருவின் உயரம்

அக்கா வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது வேறு, அதே ஊருக்கு அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போவது வேறு. பதினெட்டு வருஷமாக விருந்தாளியாக மட்டுமே அந்த ஊருக்குப் போய்வந்த சர்வேயரம்மா, அந்த முறை அலுவலக ஜீப்பில் போய் இறங்கினாள். ஊர்ச் சாக்கடையைக் கான்கிரீட்டில் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் தரை எங்கே உயர்வு, எங்கே தாழ்வு என்று மட்டம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நான்கு நாள் வேலை. கூட வந்தவர் கோல்காரர் ஒருவர்தான். இருபத்தைந்து வருஷமாக அளவுகோலைப் பிடித்துப் பிடித்தே அந்தக் கோலைப் போல நெட்டையாகிப் போன மனிதர்.

"லாட்ஜ் எதுக்குடி? அக்கா வீடு இருக்கறப்ப வெளியில தங்குனா ஊரு என்ன பேசும்?" என்று அக்கா பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அத்தான்தான் ஊர்த் தலைவர். அவருக்கு முன் அவர் அப்பா, அவருக்கு முன் தாத்தா. ஊரில் அவருக்குக் 'கல்வெட்டு' என்று பட்டப்பெயர். அவர் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அதைத் திருத்த முடியாது, அழிக்கவும் முடியாது. இப்போது அந்தக் கல்வெட்டு ஊர் வரலாறு எழுதிக்கொண்டிருந்தது. முதல் நாள் சாப்பிட உட்கார்ந்ததுமே கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"முதல் பக்கத்துல ஒரு வரைபடம் வேணும். நீயே போட்டுக் கொடுத்துடு. கீழ உன் பேரையும் போட்டுடறேன்," என்றார். பிறகு குரலை ஏற்றி வாசித்தார். அவர்களின் முன்னோர்கள்தான் முதலில் வந்தார்களாம். மேடான இடமாகப் பார்த்து மேட்டுத் தெருவைக் கட்டினார்களாம். பின்னால் வந்தவர்களுக்கு இறக்கத்தில் இடம் கிடைத்ததாம். "தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும். மேட்டுத் தெரு சாக்கடை இறக்கத்துத் தெருவுக்குப் போகுதுன்னா அது இயற்கை. இதுல யாரைக் குத்தம் சொல்ல?"

"அவங்க ஏதாவது சொல்றாங்களா அத்தான்?"

"இப்ப இல்ல. எங்க தாத்தா காலத்துல ஒரு தடவை சாக்கடை அள்ள மாட்டோம்னு வீம்பு பண்ணுனாங்க. ஒன்பது நாள்தான். அவங்க தெருவே முங்கிப் போச்சு. தாத்தாதான் அத்தனை குடும்பத்தையும் நம்ம களத்துல தங்க வச்சுக் காப்பாத்துனார். அஞ்சாவது அத்தியாயம் அதுதான்."

சர்வேயரம்மா தலையாட்டினாள். பிறகு அதை நினைத்து அவள் பட்ட கூச்சம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு மட்டும் அக்கா சாப்பாட்டை ரசித்து இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. மேட்டுத் தெரு துடைத்து வைத்தது போலிருந்தது. வீட்டுக்கு வீடு பின்பக்கக் குழாய் ஒன்று சாக்கடையில் வந்து விழுந்தது. குளியலறைத் தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர், எல்லாம். அங்கே அந்தச் சாக்கடை கணுக்கால் ஆழம்தான். ஓடுகிற சத்தத்தைக் கேட்டால் வாய்க்கால் என்றே நினைக்கத் தோன்றும்.

நானூறு மீட்டர் தள்ளி, பள்ளிக்கூடத்து மதிலைத் தாண்டி, அது இறக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தது. நுழைகிற இடத்தில் முழங்கால் ஆழம். தெரு நடுவில் இடுப்பளவு. தெரு முடிகிற இடத்தில் ஒரு ஆள் நின்றால் மார்பு வரைக்கும் வரும். அதற்கப்பால் ஒரு குழி. குழிக்கப்பால் சாக்கடைக்குப் போக்கிடமில்லை. வெயில் குடித்தது போக மிச்சமெல்லாம் அங்கேயே கிடந்து புளித்தது.

நாற்றத்தை அவள் முன்பும் முகர்ந்திருக்கிறாள். சந்தைப் பக்கம், இறைச்சிக் கடைப் பக்கம் எல்லாம் வேலை பார்த்தவள்தான். இது வேறு. இது மூக்கில் நிற்கவில்லை, நாக்கில் வந்து உட்கார்ந்தது. சாம்பல் நிறத்தில் ஆடை கட்டிய தண்ணீர். அதில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி மெதுவாக உடைந்தது. ஆடைக்கு அடியில் ஏதோ நெளிந்தது. வீட்டு வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு முழ இடம். அந்த ஒரு முழத்திலும் அள்ளிக் கொட்டிய சேறு வரப்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

அன்றைக்கு முறை தையல்காரம்மா வீட்டுக்கு. வீட்டுக்கு ஒரு நாள் என்று தெருவே முறைவைத்து அள்ளுகிறது. தையல்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். புடவையைத் தூக்கிச் செருகி, நீளக் கம்பில் கட்டிய தகர டப்பாவால் அடியிலிருந்து சேற்றை வழித்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் திறந்திருந்த அறையில் தையல் மெஷின். தைத்து முடித்த ரவிக்கைகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டித் தொங்கின.

"நாத்தம் ஏறிடும்மா. ஏறுனா வாங்க மாட்டாங்க," என்றாள், சர்வேயரம்மாவின் பார்வையைப் பார்த்து. "அவங்க வீட்டு நாத்தம்தான். ஆனா துணியில ஏறிட்டா எங்க நாத்தம்."

சொல்லிக்கொண்டே அடுத்த டப்பாவை மேலே தூக்கினாள். சேற்றோடு முடிச் சுருள், ஒரு சோப்பு உறை, பாதி கிழிந்த மாத்திரைப் பட்டை ஒன்று. வெள்ளிப் பட்டையில் நீலக் கோடு. சர்வேயரம்மா தினமும் காலையில் போடுகிற தைராய்டு மாத்திரை. காலையில் கடைசி மாத்திரையைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டு, வெறும் பட்டையை அக்கா வீட்டுக் குளியலறைத் தண்ணீரோடு தள்ளிவிட்டது அவள்தான். எத்தனை தடவை அப்படித் தள்ளியிருப்பாள்? பதினெட்டு வருஷத்து விருந்தும் இந்த டப்பாவில்தான் வந்திருக்கிறது.

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து அவள் கருவிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

கண் ஏமாறும், கருவி ஏமாறாது. கோலில் தெரிகிற எண் கூடினால் தரை தாழ்கிறது, குறைந்தால் உயர்கிறது. அவ்வளவுதான் சூத்திரம். மேட்டுத் தெருவிலிருந்து இறக்கத்துத் தெருவுக்குக் கோல்காரர் நடக்க நடக்க எண் கூட வேண்டும். கூடவில்லை. குறைந்துகொண்டே வந்தது.

"கோலைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்களாண்ணே?"

"இருபத்தஞ்சு வருஷத்துல இதத்தான் யாரும் என்னைக் கேக்கல. இன்னைக்கு நீங்க கேட்டுட்டீங்க," என்றார் கோல்காரர்.

அவள் திரும்பி மேட்டுத் தெருவுக்குப் போய் மறுபடி தொடங்கினாள். மறுநாள் எதிர்த்திசையிலிருந்து ஒரு முறை. மூன்று முறையும் ஒரே கணக்கு. இறக்கத்துத் தெரு மேட்டுத் தெருவை விட எண்பத்து நான்கு சென்டிமீட்டர் உயரம்.

இறங்குகிற நிலமாக இருந்தால் சாக்கடையைப் போகப் போக ஆழமாகத் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஏறுகிற நிலத்தைக் குடைந்துதான் அடிமட்டத்தை இறக்கியிருக்கிறார்கள். தெருக்காரர்கள் அள்ளுவதை நிறுத்தினால் சாக்கடை தூர்ந்து, தண்ணீர் தேங்கி, பொங்கும். ஆனால் பொங்குவது இங்கே இல்லை. தாழ்ந்த பக்கம் எதுவோ அங்கே. அப்படியானால் தாத்தா காலத்தில் எந்தத் தெரு முங்கியது?

அதற்கு மறுநாள் அவள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தாள். கரையான் தின்றது போக மிச்சமிருந்த துணிப்படம். இப்போதைய மேட்டுத் தெருவுக்கு வடக்கே ஒரு ஓடை தெளிவாக வரைந்திருந்தது. ஊர்த் தண்ணீர் முழுக்க அதில் இறங்கி ஏரிக்குப் போயிருக்கிறது. இப்போது அங்கே ஓடை இல்லை. அத்தான் குடும்பத்துக் கொய்யாத் தோப்புதான் இருக்கிறது. இறக்கத்துத் தெரு இருக்கிற இடத்தில் பழைய எழுத்தில் ஒரே ஒரு சொல். 'மேடு'.

ஓடையை மூடித் தோப்பு ஆக்கிக்கொண்டார்கள். சாக்கடையைத் திருப்பி, உண்மையான மேட்டில் இருந்தவர்கள் வாசலில் விட்டார்கள். அதோடும் விடவில்லை. அந்தத் தெருவின் பெயரையும் உருவித் தங்களுக்கு வைத்துக்கொண்டு, அவர்களுக்கு 'இறக்கம்' என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். நிலத்தைத் திருடுகிறவனை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். உயரத்தையே திருடியவனை இப்போதுதான் பார்த்தாள்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டுக்குத் திரும்பியவள் நேராகத் தான் தங்கியிருந்த பின்னறைக்குப் போனாள். சுவரோரம் ஆள் உயரத் தானியப் பெட்டி. அந்த அறைக்குப் பொருந்தாத இடத்தில் அது நிற்பதாக அவளுக்கு எப்போதும் தோன்றும். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அரை அடி நகர்ந்தது. பின்னால் சுவரில், தொடை உயரத்தில், பழுப்பாக, தண்ணீர் நின்ற தடம் போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு பூத்து உதிர்ந்திருந்தது. மற்ற சுவர்களில் பூசி மறைத்துவிட்டார்கள். இங்கே பெட்டி இருக்கும் தைரியத்தில் விட்டுவிட்டார்கள்.

"அத எதுக்குடி தள்றே?"

வாசலில் அக்கா. கையில் துவைத்த துணி.

"இது என்னக்கா?"

அக்கா துணியைக் கட்டிலில் போட்டாள். ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"கல்யாணமான மறுவருஷமே தெரியும். மாமியார் சொன்னாங்க. வெள்ளையடிக்கறப்ப பெட்டிய நகத்தாதேன்னாங்க. ஏன்னு கேட்டேன், சொன்னாங்க." துணியின் ஓரத்தை நீவினாள். "என்னை என்னடி பண்ணச் சொல்றே? நானா தோண்டுனேன்? வாக்கப்பட்ட இடத்துல வாய மூடிட்டு இருக்கணும்னு அம்மா சொல்லித்தானே அனுப்பினா? ரெண்டு நம்பர் முன்னப் பின்ன எழுதுனா யாருக்குத் தெரியப் போகுது? அத்தான் புத்தகம் வேற வருது."

அக்காவின் கை, மடிப்புக் கலையாமல், ஒரே சீராக வேலை செய்துகொண்டிருந்தது. சின்ன வயதில் அவளுக்குத் தலைபின்னிவிட்ட கை. சர்வேயரம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது தன்மேல் பட்டுவிடக் கூடாதே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

சாப்பாட்டு வேளையில் அத்தான் கோபப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கெட்டிக்காரி. நான் அப்பவே சொன்னேன், இந்தப் பொண்ணுக்குக் கண்ணு கூர்மைன்னு. சரி, எண்பத்து நாலு சென்டிமீட்டர். அதனால என்ன? அவங்களுக்குப் பழகிப்போச்சும்மா. பழகுன மூக்குக்கு நாத்தமே தெரியாது." தட்டில் சோற்றைப் பிசைந்தபடி, "நீ சாப்பிடு," என்றார்.

அவள் தட்டை விட்டு எழுந்தாள். குளியலறைக்கு ஓடியவள் நிலைப்படியில் நின்றுவிட்டாள். இங்கே வாந்தி எடுத்தால் நாளைக்கு யார் டப்பாவில் போய் விழும்? வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி, தோப்பு வேலியோரம் மண்ணில் வாந்தி எடுத்தாள். காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அக்கா வாசல் வரை வந்தாள். போய்ட்டு வான்னு சொல்லவில்லை. இவளும் போய்ட்டு வரேன்னு சொல்லவில்லை.

அளவுகளை உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சாக்கடையை ஓடையின் பழைய வழியில் திருப்ப வேண்டும் என்ற குறிப்போடு. பத்து நாள் கழித்து மேலதிகாரி கூப்பிட்டார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார், முகத்தைப் பார்க்கவில்லை.

"தலைவர் வந்து பேசிட்டுப் போனார். இருக்கற வழியிலயே கட்டிடலாம்னு முடிவு. உங்க ரிப்போர்ட்ட ஃபைல்ல வச்சுக்கறோம்."

"வச்சுக்கிட்டு?"

"வச்சுக்கறோம்மா," என்றார் அவர். அதற்கு மேல் அந்த வாக்கியத்தில் ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனாள். அக்கா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அளவுக் காகிதத்தின் முத்திரையிட்ட நகலையும் பழைய வரைபடத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். கேட்டால் யாருக்கும் கொடுக்கக்கூடிய நகல்தான். கேட்கலாம் என்று இதுவரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

தையல்காரம்மா மெஷின் மேல் காகிதத்தை விரித்து, அளவுநாடாவைப் படிக்கிற கவனத்தோடு எண்களைப் படித்தாள். அளவு அவளுக்குப் புதிதா என்ன? சர்வேயரம்மா இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாங்க அள்ளலைன்னா...?"

"தண்ணி இங்க ஏறாது. ஏறவே முடியாது. திரும்பி மேட்டுத் தெருவுக்குத்தான் போகும்."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்."

தையல்காரம்மா காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்கம்மா அப்ப சின்னப் பொண்ணு. தலைவரோட தாத்தா வந்து, 'தண்ணி ஏறுது, எல்லாரும் களத்துக்கு வாங்க'ன்னு கூட்டிட்டுப் போனாராம். மேட்டுத் தெருப் பக்கம் யாரையும் விடலையாம். நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சேறாம். பானைக்குள்ள, படுக்கையில எல்லாம். அழுதுட்டே கழுவுனாங்களாம். அப்புறம் அள்ள மாட்டோம்னு யாரும் வாயைத் திறக்கல. ஆனா எங்கம்மா ஒண்ணு சொல்லிட்டே இருக்கும். 'அவ்வளவு சேறு வந்துச்சு, சுவத்துல தண்ணி நின்ன தடமே இல்லையே'ன்னு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தண்ணி ஏறலைன்னா," தையல்காரம்மாவின் குரல் இறங்கியது, "அந்தச் சேறு எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

சர்வேயரம்மா வாசலில் காய்ந்து கிடந்த சேற்று வரப்பைப் பார்த்தாள்.

"அள்ளிக் கொட்டியிருக்காங்க," என்றாள் தையல்காரம்மா. "வீடு வீடா கதவைத் திறந்து, கூடையில சுமந்துட்டு வந்து, பானைக்குள்ள கொட்டியிருக்காங்க." எழுந்துபோய் வாசலில் காறித் துப்பினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்துபோய்த் துப்பினாள்.

இறக்கத்துத் தெருவில் கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. மறுநாள் முறைக்கு உரியவர் டப்பாவைக் கையிலெடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் யாரும் எடுக்கவில்லை. ஊர்மன்றத்து ஆள் வந்து கேட்டதற்கு, "முங்குனா நாங்கதானே முங்கப் போறோம்? உங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டு அனுப்பினார்கள்.

எட்டாம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. "வாடி" என்ற ஒரு சொல்தான். பிறகு அழுகை.

சர்வேயரம்மா போனாள். மேட்டுத் தெருவில் அவளால் செருப்போடு நடக்க முடியவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். குளியலறை, சமையலறை, முற்றம் எல்லாத் துளையிலிருந்தும் அது திரும்பி வந்திருந்தது. அவரவர் அனுப்பியது அவரவர் வீட்டுக்கு. பின்னறையில் தானியப் பெட்டியின் அடி ஊறி உப்பியிருந்தது. அக்கா கட்டிலின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா சோறு இறங்கலடி. குமட்டுது."

'பழகிடும்' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகி, வாளியைத் தேடி எடுத்து, வழித்து ஊற்ற ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அக்காவும் இறங்கி வந்தாள். இருவரும் மாறி மாறி அள்ளினார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அத்தான் வாசலில் நின்று, எதையோ போட்டு அடைத்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்களை விட்டுச் சாக்கடை முழுக்கக் குத்திப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை. போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இறக்கத்துத் தெருவுக்குப் போய், என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யலீங்க. சும்மாதான் இருக்கோம்," என்றாள் தையல்காரம்மா. சும்மா இருப்பதற்கு என்ன வழக்குப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கூலிக்கு ஆள் வைத்து அள்ளிப் பார்த்தார்கள். இரண்டாம் நாளே ஆட்கள் ஓடிவிட்டார்கள். கடைசியில் அத்தானைப் பணிய வைத்தது அரசாங்கமும் இல்லை, இறக்கத்துத் தெருவும் இல்லை. மேட்டுத் தெருக்காரர்களே தோப்பு வேலியைப் பிய்த்துப்போட்டு நுழைந்தார்கள். நேற்று வரை அவருக்குத் தலையாட்டியவர்கள், "உங்க தாத்தா தோப்புக்கு நாங்க ஏன்யா இதுல நீந்தணும்?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர்களுக்கு நியாயம் புரிந்துவிடவில்லை, மூக்கு எரிந்தது, அவ்வளவுதான். கொய்யா மரங்கள் இருபத்திரண்டு சாய்ந்தன. ஓடை மறுபடி வெளியே வந்தது. அதன் வழியில் குழாய் பதித்து, ஏரிக்கு முன்னால் ஒரு சுத்திகரிப்புத் தொட்டியும் கட்ட வேண்டும் என்று, ஃபைலில் தூங்கிய அறிக்கையை எடுத்து அதே மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் ஊர் வரலாறு அச்சாகி வந்தது. சர்வேயரம்மாவின் அலுவலகத்துக்குத் தபாலில் ஒரு பிரதி. ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறொன்று போட்டிருந்தார்கள். 'ஊர் நலனுக்காகத் தன் தோப்பை மனமுவந்து ஈந்த தலைவர்' என்று தலைப்பு. வெட்டிய மரங்களுக்கு நடுவில் அத்தான் நிற்கிற படம். முதல் பக்கத்து வரைபடத்தில் மேட்டுத் தெரு மேட்டுத் தெருவாகவே இருந்தது, இறக்கம் இறக்கமாகவே. கீழே, 'வரைபட உதவி' என்று அவள் பெயர்.

எண்பத்து நான்கு சென்டிமீட்டரையும் அந்த ஆள் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டார். அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை. அந்தத் தெரு முனையில் முதல் நாள் நாக்கில் வந்து உட்கார்ந்த அதே ருசி.

தையல்காரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"புத்தகம் வந்துச்சா?"

"வீட்டுக்கு ஒண்ணு கொடுத்தாங்கம்மா. ஓசியில."

"படிச்சீங்களா?"

"படிச்சோம். தெருவுல எல்லாரும் சேந்து உக்காந்து படிச்சோம். ஈந்தாராமே!" தையல்காரம்மா சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "நாங்க வேற ஒண்ணு எழுதலாம்னு இருக்கோம். எங்கம்மா சொன்னது, மத்தவங்க வீட்டுல சொன்னது எல்லாம். நீங்க போட்ட நம்பரும் வேணும். வரைபடம் ஒண்ணு போட்டுத் தருவீங்களா?" என்றாள்.

சர்வேயரம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. அந்தப் படத்தில் அக்கா வீடும் வரும். பின்னறைச் சுவரில் கோடு நின்ற உயரமும் வரும். அதை எழுதிவிட்டால் அக்கா இனிமேல் அவளைத் தேடிப் போன் செய்ய மாட்டாள். செருப்பில்லாமல் அன்று நடந்த தெரு காலடியில் குளிர்வது போலிருந்தது.

"எந்தக் காகிதத்துல போடணும்?" என்று கேட்டாள். "பெருசா வேணுமா, சின்னதா?"

"பெருசா," என்றாள் தையல்காரம்மா. "சுவத்துல ஒட்டற மாதிரி."